மூன்றாவது நிலா

ஆர்டிஸ் லிண்ட்குவிஸ்ட்டின் முதல் நாவல்
என் மேசைக்கு வந்தபோது புகையிட்ட மீன் வாடை அடித்தது.
டுலூத், சுப்பீரியர் ஏரிக்கரை.
இரும்புத்தாது ஏற்றும் துறையில்
கப்பல் எடை எழுதும் குமாஸ்தா.
ஒரு கப்பல் போய் மறுகப்பல் வருவதற்குள்
எடைச்சீட்டுகளின் முதுகில்
ஒரு கிரகத்தை உருட்டி வைத்திருந்தாள்.
நான் நியூயார்க்கில், ஆறாம் மாடியில்,
காற்புள்ளிகளுக்குக் காவல்.

அட்டையில் ஏ. லிண்ட் என்று போட்டார்கள்.
ஆண் என்று நினைத்தால் இரண்டாயிரம் பிரதி கூடப் போகுமாம்.
ஓவியர் கதையைப் படிக்கவில்லை.
உறைபனிக் கிரகத்தில் ஒருத்தி
தகரக் கச்சையோடு நிற்கிறாள்.
"இவளுக்குச் சளி பிடிக்காதா?"
ஆர்டிஸ் எனக்கு எழுதிய முதல் கடிதமே அவ்வளவுதான்.

பத்திரிகையில் தொடர் எழுதினாள், சொல்லுக்கு மூன்று சென்ட்.
ஆகவே அவளுடைய டிராகன்கள் அவசரப்பட்டுச் சாகவில்லை.
ஒன்று நாற்பது பக்கம் செத்தது.
பதினொன்றாக வெட்டினேன்.
"கொதிகலனுக்கு வால்வு வாங்க வேண்டும்"
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினாள்.
பத்தொன்பதில் ஒத்துப்போனோம்.
அந்த எட்டுப் பக்கத்தில்தான் டிராகன்
பொரிக்காத முட்டைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
அடங்குகிறது.
அச்சுக்கோத்த மோர்டெகாய் எழுந்து வெளியே போய்
சிகரெட் பிடித்துவிட்டு வந்தார்.
விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது அவருக்கு.

நான்காம் தொகுதியில் நடந்தது.

முதல் தொகுதியில் அந்தக் கிரகத்துக்கு இரண்டு நிலா.
நான்காவதில், பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில்,
படகோட்டி ஒருவன் அண்ணாந்து பார்த்து
மூன்று எண்ணுகிறான்.
அவளுக்குக் கை தவறியது. எனக்குக் கண்.
அதற்குள் புத்தகம் பேருந்து நிலையங்களின்
கம்பிச் சுழல்தட்டுகளில் ஏறிவிட்டது.

கடிதங்கள் சாக்கில் வந்தன.
ஒஹையோவிலிருந்து ஒரு பல் மருத்துவர்
ஓதக் கணக்குப் போட்டு அனுப்பினார்:
மூன்று நிலா என்றால் அந்தத் துறைமுகம்
வாரம் ஒருமுறை மூழ்கியாக வேண்டும்.
ஒரு சிறுவன் "பொய் சொல்லிவிட்டீர்கள்" என்று மட்டும்.
அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்றார் பதிப்பாளர்.
நான் ராஜினாமாக் கடிதம் எழுதி
அதிலும் ஒரு காற்புள்ளியை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

தொலைபேசி.
ஒரே ஒரு தடவைதான் அவள் குரலைக் கேட்டிருக்கிறேன்.
பின்னால் கப்பல் சங்கு.
"கை வைக்காதே. அவன் பார்த்திருக்கிறான்.
என்னத்தைப் பார்த்தான் என்று
நான்தான் தேட வேண்டும்."

தேட மூன்று குளிர்காலம் ஆனது.
ஏரி உறைந்து கப்பல் நிற்கும் மாதங்கள்தான்
அவளுக்கு எழுத்து ஓடும் மாதங்கள்.
பிறகு ஐந்தாம் தொகுதி வந்தது.

மூன்றாவது நிலா, நிலா இல்லை.
என்றோ கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனவர்கள்
திரும்பி வந்து,
இறங்கலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டு,
நானூறு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கப்பல் அது.
கீழேயிருந்து பார்த்தவன் ஒருவன்தான்.
அவனையும் குடிகாரன் என்றார்கள்.

பரிசு கொடுத்தார்கள், கனத்த கண்ணாடிக் கோளம் ஒன்று.
எடைச்சீட்டு பறக்காமலிருக்க உதவுகிறது என்று எழுதினாள்.
பல் மருத்துவரும் எழுதினார்:
கப்பல் என்றால் எடை குறைவு,
மறுபடி கணக்குப் போட்டேன்,
துறைமுகம் பிழைத்துக்கொள்ளும்.
அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.
சிறுவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஆறாம் தொகுதி விற்கவில்லை. ஏழை யாரும் கேட்கவில்லை.
பதிப்பகத்தை ஒரு சோப்புக் கம்பெனி வாங்கியது,
என் மேசையையும் சேர்த்து.
ஆனாலும் வருடா வருடம் பனி உருகும்போது
மீன் வாடையோடு ஒரு கட்டு என் வீட்டுக்கு வரும்.
திருத்தி அனுப்புவேன்.
காசு பற்றி இருவருமே பேசியதில்லை.

இந்த வசந்தத்தில் கட்டை அனுப்பியது
அவள் சகோதரியின் மகள்.
கூட ஒரு துண்டுத்தாள்: பிப்ரவரியில், தூக்கத்தில்.

கடைசிச் சீட்டில் அந்தப் படகோட்டி கிழவனாகியிருக்கிறான்.
துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறான்.
"மேலே", பிறகு ஒரு சொல் அளவுக்கு வெற்றிடம், பிறகு "நிலா."
ஓரத்தில் பென்சில்:
இந்தத் தடவை நீ எண்ணு.

பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.
நான்கு நாளாக இந்த ஊரில்
மேகம் கலைய மாட்டேன் என்கிறது.